சகலை வாங்கும் சம்பளம்

என் கணவர் திருமயத்தில் எலக்ட்ரீஷியன். மகளின் காதுகுத்து வரை, அவர் கொண்டுவரும் பணத்தில் நிம்மதியாகத்தான் இருந்தோம். விசேஷத்துக்கு வந்த ஒருவர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தங்கை கணவரிடம் சம்பளத்தைக் கேட்க, அவரும் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து என் கணவர் முகத்தில் சிரிப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக ஆரம்பித்தார். "நமக்கு இப்ப என்னங்க கொறைஞ்சு போச்சு?" என்று கேட்டால், "ஒனக்குப் புரியாது" என்பார்.

ஒரு ஞாயிறு மத்தியானம், பைக்கில் திரும்பி வரும்போதே அசதியில் கண்ணயர்ந்துவிட்டார். வண்டி ரோட்டை விட்டு இறங்கிக் கருவேலம் புதரில் விழுந்தது. எதிரே வந்த பஸ் டிரைவர்தான் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து தூக்கியிருக்கிறார். கை எலும்பு முறிந்ததோடு போனது.

நலம் விசாரிக்க வந்த தங்கை கணவர், "நீங்களாச்சும் நிம்மதியா இருக்கீங்கண்ணே. எனக்குப் பின்னாடி சேந்தவன் என்னைய விட ரெண்டு மடங்கு வாங்குறான். அத நெனச்சா தூக்கமே வரல" என்று புலம்பினார். இனியாவது இவருக்குப் புரியும் என்று நினைத்தேன். அவர் கிளம்பியதும் இவர் மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு மடங்குன்னா எவ்வளவு இருக்கும்?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பைக் சாவி என்னிடம்தான் இருக்கும். விசேஷ வீடுகளில் யாராவது சம்பளப் பேச்சை எடுத்தால், "பந்தி போட்டுட்டாங்க, வாங்க" என்று இவரை இழுத்துக்கொண்டு போய்விடுகிறேன். அங்கே இலையே போட்டிருக்காவிட்டாலும் சரி.

– ஒரு வாசகி, திருமயம்