கோழிக்குஞ்சுகள் சோதித்த பல்பு ஹோல்டர்

எங்கள் ஊர் எருமப்பட்டி. முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்த கோழிக்குஞ்சுகளுக்குக் கதகதப்பு வேண்டுமென்று அட்டைப்பெட்டிக்குள் குண்டு பல்பைத் தொங்கவிடுவது இங்கே வழக்கம். அதற்காக ஆன்லைனில் ஒரு ஹோல்டர் வாங்கினேன். பார்க்க அத்தனை அழகு!

மாட்டிய கொஞ்ச நேரத்தில் அம்மா கூப்பிட்டார். "ஏஞ்சாமி, குஞ்சுகெல்லாம் மூலைக்கு ஒதுங்குது பாரு. சூடு மீறிப்போனாத்தான் இப்படி ஓடும்."

"புது வெளக்குங்கம்மா, பழகலை" என்றேன்.

அம்மா கேட்கவில்லை, சுவிட்சை அணைத்தார். பார்த்தால், ஹோல்டர் உருகி, பல்பு அட்டையைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தது. விட்டிருந்தால் குஞ்சுகளோடு பெட்டியே பற்றியிருக்கும்.

பயம் போனதும் ஆர்வம் வந்துவிட்டது. புது ஹோல்டர் வந்த உறையைப் புரட்டினேன். தயாரித்தவர் பெயர் இல்லை, நாட்டின் பெயர் இல்லை, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை. எங்கள் பழைய ஹோல்டரிலோ முத்திரையும் அதனருகே உரிம எண்ணும் இருந்தன. அந்த எண்ணைத் தரமுத்திரையைச் சரிபார்க்கும் அரசின் செயலியில் போட்டதும் தயாரிப்பாளர் விவரமே வந்து நின்றது!

இப்போதெல்லாம் மின்பொருள் எதுவானாலும் எந்த நாட்டில் செய்தது என்று பார்த்து, உரிம எண்ணையும் சோதித்த பிறகே வாங்குகிறேன். அம்மாவுக்கு அதுவும் போதவில்லை.

"எதுக்கும் குஞ்சுககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்க சாமி" என்கிறார்.