கையில் சுற்றிய நாடா

மகள் வேலை கிடைத்து சிட்னிக்குப் போன பிறகு, நோபல் பார்க்கில் எங்கள் வீடு வெறிச்சென்று கிடந்தது. நானும் மனைவியும் எங்காவது போய்வரலாம் என்று காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் ஒரு பழைய கேரவன் வாங்கினேன். அதன் பக்கவாட்டில், சுருட்டி வைத்த பாய் போல, ஒரு வெயில் மறைப்பு இருந்தது. ஓனிங் என்பார்கள். மோட்டர் கிடையாது. நாடாவைப் பிடித்து இழுத்தால் துணி விரியும். துணி சுருண்டிருக்கும் குழலின் ஓரத்திலுள்ள லீவரைத் தட்டிவிட்டால், உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் துணியைத் திரும்பச் சுருட்டிக்கொள்ளும்.

முதல் பயணத்திலேயே அது சுருள மறுத்தது.

கடலோரத்தில் ஒரு கேரவன் பார்க். இரண்டாம் நாள் பின்னேரம் காற்றுத் திசை மாறியது. அரை மணிக்குள் வானம் கறுத்து, துணி படபடவென்று அடிக்கத் தொடங்கிற்று. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தங்களுடையதைச் சுருட்டிவிட்டார்கள். எங்கள் லீவர் மட்டும் அசையவில்லை. துணியைத் தாங்கும் இரண்டு பக்கக் கம்பிகளின் திருகுகளையும் தளர்த்திப் பார்த்தேன். துரு இளக்கும் எண்ணெய் அடித்தேன். ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டினேன்.

"இஞ்சாருங்கோ, பக்கத்துக் கேரவன்காரரைக் கேட்டுப் பாருங்கோவன்" என்றாள் மனைவி.

அவர் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். முந்தின நாள் நான் கேரவனைப் பின்னுக்கு எடுக்கையில் நாலு தரம் பிழைவிட்டேன். ஐந்தாம் தரம் அவரே என் காரில் ஏறி நிறுத்தித் தந்தார். எல்லோருக்கும் முதல் தடவை இப்படித்தான் என்று முதுகில் தட்டினார். நல்ல மனிதர். ஆனால் அக்கம்பக்கத்தார் கதிரையில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குள் முள்ளாய்த் தைத்து நின்றது.

"ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரியாது. கருவிப்பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்தேன்.

"நீர் நாடாவைப் பிடியும். காத்துக்கு வழுக்கும். கையிலை ரெண்டு சுத்துச் சுத்திப் பிடியும்."

"சுத்தவோ? இழுத்துப் போட்டுதெண்டால்?"

"ஒண்டும் நடக்காது. சொல்லுறதைச் செய்யும்."

அவள் வலது கையில் சுற்றினாள். மூன்றாவது அடியில் லீவர் விழுந்தது. குழல் படுவேகமாகச் சுழன்றது. நாடாவும் அதோடு சுருண்டு, அவள் கையை மேலே இழுத்தது. அவளுடைய குதிகால்கள் நிலத்தை விட்டு எழும்பியதைக் கண்டேன். சுத்தியலைப் போட்டுவிட்டு அவளை இடுப்போடு சேர்த்துத் தூக்கிப் பிடித்தேன். வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை. பக்கத்துக்காரர்தான் மீன் வெட்டும் கத்தியோடு ஓடிவந்து நாடாவை அறுத்தார்.

புல்லில் இருத்தினோம். கடைசி இரண்டு விரல்களும் விரல்கள் போகக் கூடாத பக்கமாய்ப் போயிருந்தன.

ஆஸ்பத்திரிக்கு அவரே காரோட்டி வந்தார். அவசரப் பிரிவில் தாதி எப்படி நடந்தது என்று கேட்டாள். நான் வாயைத் திறக்க முன்னம் மனைவி ஆங்கிலத்தில் சொன்னாள்: "எல்லாம் என் முட்டாள்தனம், நாடாவை நானே கையில் சுற்றிக்கொண்டேன்." தாதி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

மூன்று நாள் கழித்துக் கேரவனை எடுக்கப் போனபோது பக்கத்துக்காரர் தன் ஓனிங்கில் செய்து காட்டினார். துணி இறுகி நிற்கும்போது லீவர் விழாது. முதலில் துணியை நம் பக்கம் ஒரு சாண் இழுத்தால் இறுக்கம் விட்டுவிடும். பிறகு ஒரு விரலே போதும். ஒரு விரலால்தான் தட்டினார். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்று மட்டும் கேட்டார்.

மனைவி ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவள். நரம்பு பிடிபடாத நோயாளிகளை அவளிடம்தான் அனுப்புவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் விரல்கள் மடங்கவில்லை. அவளை வரவேற்பு மேசைக்கு மாற்றினார்கள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதே கதையைச் சொன்னாள், தன்னையே கிண்டல் பண்ணிக்கொண்டு. மகளுக்கும் அப்படியே. ஒவ்வொரு தரமும் நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விடுவேன்.

ஏழு மாதம் அப்படிப் போனேன். ஒரு ஞாயிறு காலை, அவள் விரல் பயிற்சிக்கென்று கொடுத்த, களிமண் போன்ற பிசினை உள்ளங்கையில் வைத்து நசித்துக்கொண்டிருந்தாள். சிறுவிரல் பாதியிலேயே நின்று நடுங்கியது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"நான்தான் உம்மைச் சுத்தச் சொன்னனான்" என்றேன்.

"ஓம்" என்றாள். நிமிரவில்லை. கொஞ்ச நேரம் நசித்துவிட்டு, "அவளுக்கும் நீங்களே சொல்லுங்கோ" என்றாள்.

உடனே மகளுக்குப் போன் எடுத்தேன். பக்கத்துக்காரரைக் கேட்காதது, சுத்தியல், தாதிக்கு முன்னால் தலையாட்டியது, ஒன்றையும் விடாமல் சொன்னேன். முடிந்ததும், "ஓகே, அப்பா. அம்மாட்டைக் குடுங்கோ" என்றாள்.

மனைவி போனை இடது கையில் வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முக்கால் மணி நேரம் பேசினார்கள்.