இடது கன்னத்தில் ஓர் உருளைக்கிழங்கு

கல்யாணமான நாளிலிருந்து என் அண்ணன் அண்ணியைக் கண்ணம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் அதிலிருந்து ஒரு சுழியைக் குறைத்து, மூன்று சுழிக்குப் பதில் இரண்டு சுழி போட்டு, கன்னம்மா ஆக்கிவிட்டான். அந்தச் சுழி எப்படிப் போனது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே எனக்குக் கோபம் வரும், கண்டுகொள்ளாதீர்கள். இன்னொன்று, அண்ணி வயதில் என்னைவிடச் சின்னவள். நேரில் வாங்க போங்க என்பேன், எழுதும்போது அவள் இவள் என்றுதான் வருகிறது.

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் பதிவு கவுன்ட்டரில் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே கண்ணாடித் தடுப்பு, அதே சுழல் நாற்காலி. நாற்காலி சுழல்வதை மட்டும் எப்போதோ நிறுத்திவிட்டது. பத்தடி தள்ளி மருந்து கவுன்ட்டரில் நான். வருகிறவர் யார் என்று உறுதி செய்து, சரியான கோப்பை எடுத்து, சரியான டாக்டரிடம் அனுப்புவது அவள் வேலை. அதில் அவளுக்கு ஒரே ஒரு கண்டிப்பு. எதிரே நிற்கிறவரிடம் "நீங்கதானே இன்னார்?" என்று கேட்கவே கூடாது. உடம்புக்கு முடியாமல் பயந்து வந்திருப்பவர்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். ஒருமுறை காது வலி என்று வந்த மனிதர் யாரோ ஒருவர் பெயருக்குத் தலையாட்டி, முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கே போய்விட்டார். காது வலி என்ன ஆனதென்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து அண்ணி கேட்பது ஒரே கேள்விதான். "உங்க பேரு என்ன? நீங்களே சொல்லுங்க."

இப்படி வேலை பார்க்கிறவளுக்குப் பதவி உயர்வு கிடையாது. அவளிடம் வேலை கற்றுக்கொண்ட இரண்டு பேர் அவளைத் தாண்டிப் பதிவுப் பிரிவுப் பொறுப்பாளர் ஆனார்கள். ஒருத்தருக்குக் கோப்பு எண்ணை எங்கே எழுதுவது என்றுகூட அவள்தான் காட்டினாள். அவர்களிடம் பட்டம் இருந்தது, இவளிடம் இல்லை.

ஏன் இல்லை என்றால் என்னால்தான். அவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது கல்யாணம். அந்த வருஷம்தான் நான் இரட்டைப் பிள்ளை பெற்று, மூன்று மாதம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். இடுப்புக்கு ஒன்றாக இரண்டையும் தூக்கிக்கொண்டு அலைந்தவள் அவள். பரீட்சை வந்தது, போனது. அடுத்த வருஷம் எழுதிக்கலாம் என்றாள். அந்த அடுத்த வருஷம் வருவதற்கு இருபத்தாறு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு பிள்ளைகளும் இப்போது பட்டதாரிகள். அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

போகட்டும். இணையவழிக் கல்லூரி ஒன்றில் பொது நிர்வாகம் படிக்கலாம், வீட்டிலிருந்தே பரீட்சை எழுதலாம் என்று தெரிந்ததும், அவளை உட்காரவைத்து விண்ணப்பத்தை நிரப்பினது நான்தான். கடைசி நாள். மகாராணி அன்று காலையில்தான் பல் டாக்டரிடம் போய் வந்திருந்தாள். பிடுங்கினது எந்தப் பல்? ஞானப்பல். படிப்பில் சேருகிற அன்று ஞானத்தைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தவளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. கேமரா முன் உட்காரச் சொன்னது கம்ப்யூட்டர். உட்கார்ந்தாள். படம் எடுத்தது. "உங்கள் முகம் பதிவாகிவிட்டது" என்றது. நாங்கள் இருவரும் கைதட்டினோம், அறிவுகெட்டவர்கள்.

வீக்கம் நாலு நாளில் வடிந்தது. முதல் பரீட்சை அன்று, பார்க்க லட்சணமாகக் கேமரா முன் உட்கார்ந்தாள். "முகம் பொருந்தவில்லை" என்றது. தலையைச் சாய்த்தாள், விளக்கைப் போட்டாள், கண்ணாடியைக் கழற்றினாள். பொருந்தவில்லை, பொருந்தவில்லை, பொருந்தவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம்தான் இருந்தது. அண்ணன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன், முட்டுச்சந்தில் வண்டி திருப்பிப் பழகியவன். சமையலறைக்குப் போய் வெந்துகொண்டிருந்த உருளைக்கிழங்கில் ஒன்றை எடுத்துத் தோலுரித்து, ஊதி ஆறவைத்து, பாதியை அவள் வாயில் திணித்துக் கன்னத்தில் ஒதுக்கச் சொன்னான். டிங் என்று பச்சை விளக்கு எரிந்தது. அவள் கிழங்கை மென்று விழுங்கிவிட்டுப் பரீட்சை எழுதினாள்.

அன்றைக்குப் போனதுதான் அந்தச் சுழி.

படத்தை மாற்றக் கேட்கவில்லையா என்பீர்கள். கேட்டோம். ஒருமுறை பதிந்த முகத்தைப் படிப்பு முடியும்வரை மாற்ற முடியாது, ஆள்மாறாட்டத்தைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று பதில் வந்தது. பதில் போட்டதும் கம்ப்யூட்டர்தான். மறுபடி கேட்டால் சந்தேகப்பட்டுச் சேர்க்கையையே ரத்து செய்துவிடுவார்களோ என்று அண்ணிக்குப் பயம். ஆகவே மூன்று வருஷமும் உருளைக்கிழங்குதான். பரீட்சை வாரத்தில் அண்ணன் காய்கறிக் கடையில் நின்று ஒவ்வொரு கிழங்காக எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து அளவு பார்ப்பான். கடைக்காரர் முதலில் முறைத்தார், பிறகு பரிதாபப்பட்டார், கடைசியில் அளவாகப் பொறுக்கித் தனியே எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

இன்னொரு கூத்து. பரீட்சைக்கு முன் கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்ட வேண்டும். சுவரில் எங்கள் அப்பா படம். "அறையில் வேறொரு நபர் இருக்கிறார்" என்று கம்ப்யூட்டர் கூவியது. அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. கையெழுத்துப் போடவே நாக்கைத் துருத்திக்கொள்கிற மனிதர். அவர் மருமகளுக்குப் பொது நிர்வாகத்தில் விடை சொல்லிக் கொடுத்தார் என்று பழி! படத்துக்கு ஒரு துண்டைப் போர்த்தினோம். அவருக்கும் வெயிலுக்கு இதமாக இருந்திருக்கும்.

எல்லாத் தாளிலும் தேறினாள். கடைசியாக வாய்மொழித் தேர்வு. அவள் எழுதிய அறிக்கையை வைத்து ஒரு பேராசிரியை திரையில் வந்து கேள்வி கேட்பார். அறிக்கையின் தலைப்பே ஆள் மாறிப்போன நோயாளிகளைப் பற்றியது. விதிமுறையைப் படித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. மற்றப் பரீட்சைகளில் ஆரம்பத்தில் மட்டும் முகம் பார்ப்பார்கள். இதில் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை, முடியும்வரை. ஆள்மாறாட்டம் என்று தெரிந்தால் அதுவரை எழுதிய தாள்களும் செல்லாது, மறுபடி சேரவும் முடியாது.

கிழங்கை முழுங்கக் கூடாது, வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசவும் வேண்டும். பத்து நாள் பழகினாள். பேருந்து நிறுத்தத்தில்கூடக் கன்னத்தை உப்பிக்கொண்டு தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் நின்று தெரியாதவள் மாதிரி வேறு பக்கம் பார்ப்பேன்.

அன்று காலை அறைக்குள் அவள் மட்டும். கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அண்ணனும் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றோம். பேராசிரியை முதல் கேள்வி கேட்டார். அண்ணி, "நோயாழிகழோழ அழையாழத்தை..." என்று ஆரம்பித்தாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு வாக்கியம்கூடப் போகவில்லை, பேராசிரியை பதறிவிட்டார்.

"அம்மா, உங்களுக்கு வாய் ஒரு பக்கமா இழுக்குதா? ரெண்டு கையையும் தூக்குங்க பாக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா."

"ஆழ்பழ்ழிரிலதான் வேலை பாக்குழேன்" என்றாள் அண்ணி.

அவள் கிழங்கைக் கையில் எடுத்துவிட்டாள் என்பது, பீப் பீப் என்று கம்ப்யூட்டர் அலறியபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. பேராசிரியையின் குரல் மாறிவிட்டது. இங்கே ஆள்மாறாட்டம்னு வருது, தேர்வை நிறுத்தச் சொல்லுது என்றார். பட்டியலிலிருந்து அண்ணியின் பெயரைப் படித்து, நீங்க இவங்கதானா என்று கேட்டார்.

அண்ணன் என் கையைப் பிடித்தான். ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. மூன்று வருஷப் படிப்பு, இல்லை, இருபத்தொன்பது வருஷம், கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் அண்ணி. நிதானமான குரல். கவுன்ட்டர் குரல். "அப்படிக் கேக்கக் கூடாது. பேரை நீங்களே சொல்லிட்டா யாரு வேணும்னாலும் ஆமான்னுடுவாங்க. பயந்துபோனவங்க கண்டிப்பா சொல்லுவாங்க. நான் இப்ப பயந்துதான் இருக்கேன். உங்க பேரு என்னன்னு கேளுங்க. நான் சொல்றேன்."

மாட்டிக்கொண்டவள் மடக்கினவருக்குப் பாடம் எடுக்கிறாள்! நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"உங்க பேரு என்ன?" என்றார் பேராசிரியை.

அண்ணி தன் பெயரைச் சொன்னாள், அப்பா பெயரைச் சொன்னாள், பிறந்த தேதியைச் சொன்னாள். ஞானப்பல்லில் ஆரம்பித்து நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். பேராசிரியை விடவில்லை. அறிக்கையின் நாற்பதாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றார். காது வலிக்காரர் என்றாள். அவருடைய கோப்பு எந்த அலமாரியில் கிடைத்தது என்றார். முழங்கால் அலமாரியில், மேலிருந்து இரண்டாவது தட்டு என்றாள். அதற்கப்புறம் காதில் விழுந்ததுதான் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிங். பீப். டிங். பீப். டிங். கிழங்கை உள்ளே வை, வெளியே எடு என்று சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், இரண்டு படித்த பெண்கள்.

"எத்தனை பரீட்சை இப்படி?" என்று கேட்டார் பேராசிரியை.

"பதினேழு மேடம்."

"பதினேழு உருளைக்கிழங்கா?"

"ஒரு பரீட்சைக்குப் பாதிதான் மேடம். மீதிப் பாதியை அவரு சாப்பிட்டுடுவாரு."

அவ்வளவுதான். பேராசிரியையால் அடக்க முடியவில்லை. அவர் சிரிக்க இவள் சிரிக்க, கதவுக்கு வெளியே நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அண்ணன் சறுக்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். தேர்வைத் தொடர்ந்து நடத்தி முடித்தார் பேராசிரியை. கடைசியில், ஒரே ஒரு தடவை புதுப் படம் பதிய எனக்கு அதிகாரம் இருக்கு, முகத்தைச் சாதாரணமா வெச்சுக்கோங்க என்றார். இவளும் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். அந்தப் பக்கம் அவருக்கு மறுபடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது, இவளுக்கும் வந்துவிட்டது, அந்த நேரம் பார்த்துப் படம் விழுந்துவிட்டது. "உங்கள் முகம் பதிவாகிவிட்டது" என்றது கம்ப்யூட்டர்.

மூன்று வாரம் கழித்து மதியம் முடிவு வந்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் கோப்பு அறையில், அலமாரிகளுக்கு நடுவே நானும் அவளும் போனை வைத்துக்கொண்டு நின்றோம். பொறுப்பாளர் வேலைக்கு மறுபடி ஆள் எடுக்கப் போகிறார்கள், அன்று மாலைக்குள் பட்டம் உண்டா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். முடிவைக் காட்டுவதற்கு முன் முகத்தைக் காட்டச் சொன்னது போன். காட்டினாள். முகம் பொருந்தவில்லை.

"சிரிங்க அண்ணி" என்றேன். அவளுக்குச் சிரிப்பே வரவில்லை. பல்லைக் காட்டினாள், அது பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி இருந்தது. பொருந்தவில்லை. எனக்குத் தெரிந்த ஜோக் எல்லாம் சொன்னேன். அண்ணனைப் போனில் பிடித்து அவனை ஒன்று சொல்லச் சொன்னேன். அவன் ஜோக்கைக் கேட்டு இருந்த களையும் போய்விட்டது. அவள் உதடு நடுங்க ஆரம்பித்தது. இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் என் பிள்ளைகளை இரண்டு இடுப்பிலும் வைத்துக்கொண்டு, பரீட்சை நாளன்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாளே, அதே முகம். என்னால் தாங்க முடியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, என் இடது கன்னத்தை முடிந்தமட்டும் உப்பிக்கொண்டேன்.

"உங்க பேழு என்ன? நீங்கழே சொழ்ழுங்க."

ஒரு நொடி விழித்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர, அலமாரியைப் பிடித்துக்கொண்டு. போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். டிங்.

தேறியிருந்தாள். முதல் வகுப்பு. நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் அழவில்லை, சிரிப்பதை நிறுத்த முடியாமல் என் முந்தானையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளியே கண்ணாடியை யாரோ தட்டினார்கள். வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். அவள் ஓடிப்போய் அந்தச் சுழலாத நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் நின்ற பெரியவர் நடுங்கிக்கொண்டே தன் சீட்டை நீட்டினார். சீட்டில் பெயர் இருந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"உங்க பேரு என்ன?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.