பிறேக் கம்பியில் வாசித்தவன்

அன்று பண்டத்தரிப்பில், கச்சேரிக்கு முன் கலியாண வீட்டு மாட்டுக் கொட்டிலுக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். அக்கோடியன் வாசிக்கும் அண்ணை. எங்கள் இசைக்கோஷ்டிக்கு அவர்தான் தலைவர். தபேலாக்காரர். மல்லித்தண்ணி குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்த பாடகர். லீட் கிற்றாரில் மெட்டு வாசிப்பவன். ரிதம் கிற்றாரில் தாளம் பிடிக்கும் நான். எங்களைத் தவிர மூலையில் ஒரு பசுவும் நின்றது. வெளியே அடித்த வெயிலில் அதைக் கொண்டுபோய்க் கட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

எண்பத்து மூன்றிலிருந்து தொண்ணூற்றைந்து வரை நான்கு கோஷ்டிகளில் இருந்தேன். நான்கிலும் ரிதம்தான். ரிதம்காரனை யாரும் கவனிக்கமாட்டார்கள். பிழைவிட்டால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பயத்திலேயே மேடையேறுமுன் கிற்றார் மீட்டும் பிக் இருக்கிறதா என்று சட்டைப்பையை மூன்று தரம் தொட்டுப் பார்ப்பேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழும்புத்துறையில் ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தவன். கிற்றார் பழகியது றேடியோவைக் கேட்டுக் கேட்டு. லீட் வாசிக்கும் அவனோ மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், தேவாலயத்தில் தாளைப் பார்த்து வாசிப்பவன். என்னைவிட நான்கு வயது குறைவு. என்னை மரியாதையாக 'நீர்' என்றுதான் சொல்வான். எங்கள் கடையில் என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. அவன் என்னை 'டேய்' என்று சொல்லியிருந்தால் அவனை வெறுப்பதற்காவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

சண்டையால் யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதை பூட்டிய பிறகு கிற்றார் தந்தி வருவது நின்றுபோனது. தடித்த தந்திகளை வெந்நீரில் அவித்து ஊத்தை போக்கி மறுபடி போட்டோம். மெல்லிய முதலாம் தந்திதான் அடிக்கடி அறும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சைக்கிளின் பழைய பிறேக் கம்பியைப் பிரித்தால் நுண்ணிய இழைகள் வரும். அதில் ஒன்றை எடுத்து, நுனியை முறுக்கிக் கட்டினால் ஏதோ சத்தம் கேட்கும், தகரத்தில் தட்டுவது போல. கோஷ்டியின் இரண்டு கிற்றாருக்கும் நான்தான் கம்பி பிரித்தேன். ஒரே பிறேக் கம்பியிலிருந்து ஒரு இழை அவனுக்கு, அடுத்த இழை எனக்கு. அவனுடையதைக் கேட்டுச் சனம் கண்ணைத் துடைத்தது. கம்பியைக் குறைசொல்லக்கூட எனக்கு வழியில்லை.

எங்கள் கடைக்கு ரியூப் கொண்டுவரும் வியாபாரி ஒருவர் கொடிகாமத்தில் இருந்தார். பூட்டிய பாதைக்கு அப்பால் வவுனியாப் பக்கம் எப்படியோ போய்வருவார். ஒருநாள் அவன் என்னிடம் நூற்றிருபது ரூபா தந்து, "அந்தாளிட்டைச் சொல்லி ஒரேயொரு முதலாம் தந்தி எடுத்துத் தாருமன்" என்றான். ஆறு கிழமையில் தந்தி வந்துவிட்டது. நான் அவனிடம், "இன்னும் வரேல்லை, காசு அந்தாளிட்டைத்தான் கிடக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று யோசித்தால், பிறேக் கம்பியிலேயே இப்படி வாசிக்கிறவன் இது கிடைத்தால் எப்படி வாசிப்பான் என்ற நினைப்புத்தான். தந்தியைக் கடையில் கிறீஸ் பேணிக்குப் பின்னால் ஒளித்தேன். துருப்பிடிக்குமோ, எலி இழுக்குமோ, முதலாளி எறிந்துவிடுவாரோ என்று தினமும் எடுத்துப் பார்த்தேன். என் கிற்றாரில் போடவும் பயம். ஒரு தட்டுத் தட்டினாலே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பண்டத்தரிப்புக் கலியாணம் வந்தது. பெண்ணின் தகப்பன் கச்சேரியைக் கசெற்றில் பதிந்து வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். இருந்ததோ இரண்டு மைக். ஒன்று பாடகருக்கு. மற்றது இரண்டு கிற்றாரில் ஒன்றுக்கு. மைக் இல்லாத கிற்றார் கசெற்றில் விழாது. ஒருமுறையாவது நான் அதில் விழவேண்டும் என்று ஆசைப்பட்டேன். சத்தம் நன்றாக இருந்தால் மைக் எனக்குக் கிடைக்கும் என்று அன்று காலையில் புதுத் தந்தியைப் போட்டேன்.

கொட்டிலுக்குள் நான் சுருதி பார்த்ததும் அண்ணை நிமிர்ந்தார்.

"டேய், உது பிறேக் கம்பியில்லை. எங்கையடா எடுத்தனீ?"

"பழசு அண்ணை. வீட்டிலை பெட்டிக்குள்ளை கிடந்தது."

"உன்ரை பெட்டிக்குள்ளை உது கிடக்க, நாங்கள் ஏனப்பா ரெண்டு வரியமாய்ச் சைக்கிளை வாசிக்கிறம்?" என்றார் தபேலாக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு அவனே சொன்னான்: "நல்ல சத்தம் அண்ணை. மைக்கை இவருக்கு வையுங்கோ. நான் ரிதம் பிடிக்கிறன்." என் பக்கம் குனிந்து, "புதுத் தந்தி எண்டால் சுருதி இறங்கும். கையாலை நல்லா இழுத்துவிட்டுத் திருப்பிச் சுருதி சேரும்" என்றான்.

இரண்டு வருடமாகப் புதுத் தந்தியில் வாசிக்காத எனக்கு அது மறந்தே போயிருந்தது. ஆனால் அந்த நேரத்தில், மைக் போன எரிச்சலில் கதைக்கிறான் என்றுதான் நினைத்தேன். அதோடு பழசு என்று சொல்லிவிட்டு எப்படி இழுப்பது?

"இது பழசு. இறங்காது" என்றேன்.

முதல் பாட்டு ஒருவாறு போனது. இரண்டாவதில் தந்தி இறங்கத் தொடங்கியது. திருகினேன், திரும்பவும் இறங்கியது. வியர்வையில் விரல் வழுக்கியது. அவனுடைய கம்பியோ அசையவில்லை. யாரோ ஒருவரின் சைக்கிளில் ஆயிரம் தரம் இழுபட்டு ஓய்ந்த கம்பி அது. அவன் பிடித்த ரிதத்துக்குப் பந்தலில் கால்கள் ஆடின. என்னுடைய ரிதத்துக்கு யாருடைய காலும் ஆடி நான் கண்டதில்லை.

மூன்றாம் பாட்டுக்கு முன் அண்ணை கண்ணைக் காட்டினார். பாடகர் மைக்கைத் தூக்கி அவன் முன்னால் வைத்துவிட்டு, "பின்னாலை பசு கத்துதெண்டு நினைச்சன்" என்று என் காதுக்குள் சொன்னார்.

திரும்பும்போது அவனும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் ஒன்றாக வந்தோம். வழியில் அவன் கேட்டான்.

"கொடிகாமத்து ஆளின்ரை சங்கதி என்ன மாதிரி?"

"இன்னும் வரேல்லை."

"வந்தால் உம்மடை கிற்றாரிலை போடும். எனக்கு உந்தக் கம்பி பழகிப்போச்சு."

செயின் கழன்றதாகப் பாவனை செய்து இறங்கி நின்றுவிட்டேன். தெரிந்துதான் சொன்னானோ, தெரியாமல் சொன்னானோ. தெரிந்திருந்தால் அது எனக்குத் தந்த பிச்சை. தெரியாவிட்டால் அது இன்னும் மோசம்.

அடுத்த வருடம் அவன் வெளிநாடு போனான். போகுமுன் கடைக்கு வந்து, "போட்டு வாறன்" என்றான். வருவான் என்று தெரிந்து, ஒரு நூறையும் ஒரு இருபதையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அந்தாள் காசைத் திருப்பித் தந்துவிட்டார் என்று சொன்னால் போதும். ஆனால் முதலாளி எழும்பி வந்து அவனுடைய கையைப் பிடித்து, "இனி உம்மைப் போலை ஆர் தம்பி வாசிக்கப்போகினம்?" என்றார். நான் அதே கடையில் அவருக்குப் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவன். நான் கிற்றார் வாசிப்பது அவருக்குத் தெரியும். பைக்குள் போன என் கை வெளியே வரவில்லை.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது கிற்றாரைச் சுவரில் மாட்டியபடியே விட்டுவிட்டு, அந்தத் தந்தியை மட்டும் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு கொடிகாமம் வரை நடந்தேன். கசெற் யாரிடம் இருக்கிறதோ தெரியாது. முதலிரண்டு பாட்டில் சுருதி விலகுவது என் கிற்றார். மிச்சம் முழுக்க அவன். அவனுக்கு நான் இன்னும் கொடுக்கவேண்டியது நூற்றிருபது ரூபா.