சிர்பாத் பக்கத்துப் படம்

அச்சகத்தில் அவளை ‘இலை மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாடப்புத்தகங்களுக்குச் செடி கொடி வரைந்தே தலை நரைத்தவள். இலையின் ஓரம் பல்பல்லாக இருக்குமா, மழமழவென்று இருக்குமா என்று தெரியாமல் பென்சிலைத் தொடமாட்டாள்.

அவளுடைய அண்ணன் எபிரேய வாத்தியார். பைபிளில் வரும் செடிகளுக்கு ஓர் அகராதி எழுதினார், படங்கள் தங்கையுடையவை. எல்லாம் முடிந்து ஒரே ஒரு சொல் மட்டும் அவர் உயிரை வாங்கியது: சிர்பாத். எபிரேய வேதம் முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில், அதற்குப் பதிலாக நல்ல செடி முளைக்கும் என்று வருகிறது. அதனால் ஏதோ முட்செடி என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் முள்ளே இல்லாத ஒரு பூச்செடி, லத்தீனில் தொட்டால் அரிக்கும் காஞ்சொறி.

“காஞ்சொறின்னே வச்சுக்கிட்டா என்னண்ணா?”

“வச்சுக்கலாம். செடி வந்து சண்டையா போடப்போகுது? ஆனா எனக்குத் தெரியாதே! ‘பொருள் உறுதியில்லை’ன்னு எழுதிட்டேன். படம் போட்டுடாதே.”

அடுத்த வாரமே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

சிர்பாத்துக்கு ஏன் படமில்லை என்று பதிப்பாளருக்குப் புரியவில்லை. “எல்லாப் பக்கத்திலயும் படம் இருக்கு, இதுல மட்டும் பொக்கை வாயா? ஏதாவது ஒரு முள்ளைப் போட்டுத் தள்ளுங்க மேடம்.”

“எந்த முள்ளை? வளைஞ்சதா, நேரானதா?”

“குத்துற மாதிரி இருந்தா போதும்.”

“‘ஏதோ முள்’னு எழுதிட்டுப் போயிடலாம் சார். ‘ஏதோ இலை’ய எப்படி வரையறது?”

அவர் மசியவில்லை. வெறுத்துப்போய், வீட்டில் உட்கார்ந்து மூன்று செடிகளை வரைந்தாள்: காஞ்சொறி, அந்தப் பூச்செடி, ஒரு முட்புதர். அவற்றை அவர் மேஜையில் வரிசையாகப் பரப்பினாள்.

“பாருங்க, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. எதைப் போட்டாலும் பொய்.”

அவர் காஞ்சொறியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். “அடேயப்பா! பார்த்தாலே அரிக்குதே!” என்றார். புரிந்துகொண்டார் என்று நம்பி, படங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். புத்தி கெட்டவள்.

புத்தகம் வந்தது. சிர்பாத் பக்கம் முழுக்க அவளுடைய காஞ்சொறி. அண்ணன் எழுதிய வரி அதன் காலடியில் எறும்பு போல ஊர்ந்தது. பதிப்பாளர் போனில் குதித்தார்: “எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் சொல்றாங்க மேடம்!” அவள் போனை வைத்துவிட்டாள்.

அண்ணி புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டினாள். அந்தப் பக்கத்தில் கை நின்றது.

“இதுதானா அது? சோறு தண்ணி இல்லாம இதைத்தானே தேடிட்டுக் கிடந்தார். கடைசியில கண்டுபிடிச்சிட்டார் பாரு.”

“இல்ல அண்ணி. இது அது இல்ல.”

“பின்ன எதுக்குடி வரைஞ்சே?”

அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இலை ஓரத்தில் ஒரு பல்கூடப் பிசகவில்லை.