ராகு காலத்துக்கு முன் வைத்த கையெழுத்து

2003 பெப்ரவரி 14, வெள்ளிக்கிழமை, முற்பகல் 11.20. வெயில் முப்பத்து நாலு பாகை. வடக்கிலிருந்து வந்த சுடுகாற்றில் கடைக் கதவு தானாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் கடைக் குத்தகையை இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக் கையெழுத்து வைத்தேன். மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. பன்னிரண்டு மணி கழியட்டும் என்றுதான் சொன்னாள்.

கடை, மெல்பேர்னுக்கு வடக்கே கிரெய்கிபர்னையும் தாண்டி ஒரு சின்ன ஊரில் இருந்த மில்க் பார். பால், பாண், பேப்பர், சிகரெட், மனைவி செய்யும் ஆட்டிறைச்சி ரோல்ஸ். ஆனால் எங்களுக்குச் சோறு போட்டது ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளியிருந்த சிறைச்சாலை. அதை அரசாங்கம் நடத்தவில்லை. ஒப்பந்தம் எடுத்த ஒரு கம்பனி இலாபத்துக்கு நடத்தியது. சிறை வரப்போகிறது என்ற காலத்தில் ஊரே கூடி எதிர்ப்பு மனுவில் கையெழுத்து வைத்ததாம். நாங்கள் கடையை வாங்கியது அதற்குப் பிறகு.

கைதிகளைப் பார்க்கப் போகிறவர்கள் உள்ளே எதுவும் கொண்டுபோகக் கூடாது. தெளிவான பிளாஸ்டிக் பையில் சில்லறைக் காசு மட்டும் கொண்டுபோகலாம். உள்ளே காசு போட்டால் சிப்ஸும் சொக்லேட்டும் விழும் இயந்திரம் இருந்தது. சனிக்கிழமை காலையில் என் மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும். நோட்டை நீட்டுவார்கள், நான் இருபது டொலரைச் சில்லறையாக எண்ணிப் பையில் போட்டுக் கொடுப்பேன். மாற்றுவதற்குக் கூலி கிடையாது, ஆனால் ஏதாவது வாங்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தேன். பெரும்பாலும் ரோல்ஸ் வாங்கிக் காருக்குள் இருந்தே சாப்பிட்டு முடித்துவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை தோறும் நான் வங்கியிலிருந்து காசைச் சுமந்துகொண்டு வருவேன். மனைவி என்னைச் சில்லறை மந்திரி என்பாள்.

அன்று பதினொரு மணிக்குக் கட்டட முதலாளியின் ஏஜன்ட் வந்தான். நீல டை கட்டிய இளம் பிள்ளை. வேர்வையில் டை கறுத்திருந்தது. ஒரு குளிர்பானத்தைக் கொடுத்து அவனை இருக்கச் சொல்லிவிட்டு மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். சுவரில் இலங்கைக் கடைக்காரர் இனாமாகத் தந்த கலண்டர். வெள்ளி, ராகு காலம், பத்தரை முதல் பன்னிரண்டு.

எனக்கு ராகுவில் நம்பிக்கை இல்லை. ஆனால் இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் பதினேழு வருஷம் வேலை செய்தவன். பிழையான கணக்கைச் சகிக்க மாட்டேன். ராகு காலத்தைச் சூரியன் உதிக்கும் நேரத்திலிருந்து பார்க்க வேண்டும். பகலை எட்டாகப் பிரித்தால் வெள்ளிக்கிழமை நாலாவது பங்கு. அன்று மெல்பேர்னில் சூரிய உதயம் 6.48, அஸ்தமனம் 8.16. கோடைக்கு ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைத்த மணிக்கூடு வேறு. ரோல்ஸ் சுற்றும் தாளில் பிரித்துக் காட்டினேன்.

“நீர் பாக்கிறது யாழ்ப்பாணத்து ராகு. இஞ்சத்தை ராகு பதினொன்று ஐம்பத்தொன்றுக்குத்தான் வாறார். பன்னிரண்டுக்கு வைச்சால் அவரின்ர மடியிலதான் கையெழுத்து.”

“ராகுவுக்கு உங்கட அளவுச் சங்கிலி தெரியுமோ? அந்தப் பிள்ளை ஆறுதலாய்க் குடிக்கட்டும். நாப்பது நிமிஷம் பொறுத்தால் என்ன?”

பிள்ளைக்கு அவசரமே இல்லை. மின்விசிறிக்குக் கீழே கதிரையில் சாய்ந்து, மாலை வரை இருக்கத் தயாராக இருந்தான். அவசரம் எனக்குத்தான், கணக்கு சரியென்று காட்டுவதற்கு. வெளியே போய் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன். அவன் நன்றி சொல்லிப் போனான்.

பன்னிரண்டு மணிச் செய்தியில் மூன்றாவதாக அது வந்தது. கம்பனியுடனான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. கைதிகள் வேறு சிறைகளுக்கு மாற்றப்பட்டு, வருஷ நடுவில் சிறை மூடப்படும்.

மனைவி மாவுக் கையோடு வெளியே வந்தாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஓம், கணக்கு சரிதான். உங்கட ராகு வந்திட்டார்.”

அரை மணித்தியாலத்தில் எங்கள் நிரந்தர வாடிக்கையாளரான காவலர் வந்தார். மோல்ட்டாவிலிருந்து சின்ன வயதில் வந்தவர், கதவை நிறைக்கும் உடம்பு. தினமும் நாலு ரோல்ஸ் வாங்குவார். அன்று இரண்டு கேட்டார். நாலு இரண்டானதைப் பார்த்ததும்தான் கையெழுத்து வைத்த ஐந்து வருஷத்தை மாதம் மாதமாக எண்ணத் தொடங்கினேன். போன மாதம்தான் வீட்டுக்கடன் எடுத்தாராம்.

“கைதி ஒவ்வொருத்தனுக்கும் போக ஓர் இடம் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குத்தான் எழுதவில்லை” என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்த கிழமை கால்பந்துக் கழக மண்டபத்தில் கூட்டம். சிறையைத் திறக்காதே என்று அந்தக் காலத்தில் ஊர்வலம் போன படம் மண்டபத்துச் சுவரிலேயே தொங்கியது. படத்தில் பதாகை பிடித்திருந்தவர்களில் ஆறு பேர் அதற்குக் கீழே உட்கார்ந்து, மூடாதே என்று மனு எழுதினார்கள். நானும் வைத்தேன் கையெழுத்து, இந்த முறை மணிக்கூட்டைப் பார்க்காமல். எங்கள் ரோல்ஸ் விற்க வேண்டுமென்பதற்காக யாரோ பெற்ற பிள்ளைகள் கம்பிக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த மனுவின் சாரம். அதை ஒருவரும் அப்படி எழுதவில்லை. நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

மனு ஒன்றும் செய்யவில்லை. பஸ்களில் கைதிகள் போனார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இருப்பதற்காக ஊரில் வாடகை வீடு எடுத்திருந்த பெண்கள் பின்னாலேயே போனார்கள். காவலர்களின் பிள்ளைகள் போக, பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு ஒன்றானது. முடி வெட்டும் கடை கிழமைக்கு மூன்று நாளானது. மோட்டலில் ‘அறை இல்லை’ என்ற பலகையை நான் பிறகு பார்க்கவில்லை. காவலர் வீட்டை விற்றுவிட்டு இன்னொரு மாநிலத்தில் சுரங்கத்துக்கு லொறி ஓட்டப் போனார். போகிற அன்று நாலு ரோல்ஸ் வாங்கினார். மனைவி காசு வாங்கவில்லை.

என்னிடம் இரண்டு பை சில்லறை மிஞ்சியது. வங்கியில் திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்தது. மரக்கறிக் கடை, மருந்துக் கடை, கோயில் அர்ச்சனை எல்லாம் எட்டு மாதம் சில்லறையில் நடந்தன. ஐயர் ஒருநாள் தட்டைப் பார்த்துவிட்டு, என்ன தொழில் என்று மெதுவாக விசாரித்தார்.

நவம்பர் கடைசியில் கடையைப் பூட்டினோம். குத்தகை பூட்டுப்படவில்லை. நாய்களைக் குளிப்பாட்டும் ஒருவர் அந்த இடத்தை எடுக்கும்வரை, பதினொரு மாதம் வெறும் கடைக்கு வாடகை கட்டினேன்.

இப்போது மனைவி மெல்பேர்ன் நேரத்துக்கே கணித்த பஞ்சாங்கம் வாங்குகிறாள். அதில் ராகு காலம் நான் அன்று கணித்த மாதிரியேதான் இருக்கிறது. ஆனாலும் முக்கியமான காரியம் என்றால் அவள் பழைய கலண்டர் நேரத்தையும் சேர்த்துத் தள்ளி வைக்கிறாள். நானும் கூடவே காத்திருக்கிறேன்.

வாடகை 20,020. புது ஆளைப் பிடித்துத் தந்ததற்கு ஏஜன்ட் கூலி 1,100. வந்தவன் அதே நீல டை. சட்டத்தரணியின் ஒரு கடிதம் 385. முதல் பஞ்சாங்கம் 8. மொத்தம் இருபத்தோராயிரத்து ஐந்நூற்றுப் பதின்மூன்று டொலர்.