மாயெஸ்த்ராவுக்குப் பின் கேட்

ஆலைகளுக்குப் போய் மொழி சொல்லிக்கொடுக்கும் என் போன்றவர்களுக்குத் தெரியும்: இந்தத் தொழிலில் பாடம் எடுப்பது சுலபம், நாம் யார் என்று புரியவைப்பதுதான் பெரும்பாடு.

பெயர் வைத்த நாள்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலை. மெக்சிகோ கிளைக்கு அனுப்பப்போகிற ஆட்களுக்கு ஸ்பானிஷ் கற்பிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வாத்தியாரை எப்படி அழைப்பது என்பதில் தொடங்கினேன். ஆண் என்றால் மாயெஸ்த்ரோ, பெண் என்றால் மாயெஸ்த்ரா. கைதேர்ந்த கொத்தனாரையும் அங்கே அப்படித்தான் அழைப்பார்கள் என்றேன். அந்தக் கடைசித் தகவலை விழுங்கியிருக்கலாம்.

வெல்டிங் லைனில் வேலை செய்யும் வாலாஜாபாத் ஏழுமலை மரியாதையாக எழுந்து நின்றார். "அப்ப உங்கள மேஸ்திரி மேடம்னே கூப்டலாமா?"

பின் கேட்

அடுத்த வாரத்துக்குள் ஆலை முழுக்க நான் மேஸ்திரி மேடம். புதிதாக வந்த செக்யூரிட்டி என்னை நிறுத்தி, உள்ளே போன் போட்டார். "மேஸ்திரி மேடமா, அனுப்புப்பா" என்று பதில் வந்தது. உடனே ஒரு மஞ்சள் ஹெல்மெட்டை என் கையில் கொடுத்து, ஆலைக்குள் எழும்பும் புதுக் கட்டடத்துக்குச் சிமென்ட் லாரி போகும் வழியைக் காட்டினார். நான் டீச்சர் என்று பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகவே சொன்னார்: "இன்னாவா வேணா இருங்க மேடம், மேஸ்திரிங்களுக்குப் பின் கேட்டுதான்."

எல்லா கிளாஸும்

பிறகு எங்கள் வகுப்பறையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, எங்களை கேன்டீன் மூலைக்குத் தள்ளினார்கள். பாத்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போனது. மெக்சிகோ அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் எனக்கு ஒரு நம்பிக்கை. அவர் ஆட்களோடு பேசிப் பார்ப்பார், சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்பார், அறை திரும்பக் கிடைக்கும்.

அவரும் பேசினார். ஏழுமலை தடங்கலில்லாமல் பதில் சொன்னார். அதிகாரி அசந்துபோய், இவர்களுடைய மாயெஸ்த்ரோ யார் என்று கேட்டார். அது மரியாதைச் சொல் என்று யாரோ சொல்லியிருந்ததால், ஆலைத் தலைவர் நெஞ்சில் கைவைத்து, "மாயெஸ்த்ரோ" என்றார். எந்த வகுப்பு எடுக்கிறீர்கள் என்று அதிகாரி ஆவலாகக் கேட்டார். நான் அதைத் தலைவருக்குத் தமிழில் சொன்னேன்.

தலைவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "எல்லா கிளாஸும் நான்தான்னு சொல்லுங்க. நீங்க டிரான்ஸ்லேட்டர்னும் சொல்லிடுங்க."

அந்த ஒற்றைச் சொல்லுக்கு அங்கே ஆளுக்கொரு அர்த்தம் கண்டுபிடித்தார்கள், பாடம் எடுக்கிறவர் என்பதைத் தவிர.